தெருவோரத்துக் கீரைப்பாத்தி

நிலம் ஒருவருடையது. அதைக் கொத்திச் சீர்படுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியவர் மற்றொருவர். கவனிக்கத் தவறினால் அபராதம் கட்ட வேண்டியவரும் அவரே. ஆனால் அதில் இன்னது வைக்கலாம், இன்னது வைக்கலாகாது என்று சொல்லும் அதிகாரம் மட்டும் முதலாமவரிடம் பத்திரமாக இருக்கிறது. இதைப் படித்தவுடன், பழைய ஜமீன்தாரி முறையைப் பற்றித்தான் ஏதோ எழுதப் போகிறேன் என்று நேயர்கள் எண்ணக்கூடும். அதை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948-லேயே நிறைவேறிவிட்டது. நான் சொல்ல வந்த ஜமீன்தார், அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தைச் சேர்ந்த லாஸ் ஏஞ்சல்ஸ் நகரசபை. குடியானவர்கள், அந்த நகரத்தில் தெருவைப் பார்த்த வீடுகளில் வாழும் ஜனங்கள். நிலமோ, சில அடி அகலமே உள்ள ஒரு மண் பட்டை.

அமெரிக்க நகரங்களில் வண்டிகள் போகும் சாலைக்கும், மனிதர் நடக்கும் நடைபாதைக்கும் இடையில் நீளமாக ஒரு துண்டு நிலம் விடுவது வழக்கம். நடைபாதைக்கு அப்பால்தான் வீட்டின் முன்வாசல் ஆரம்பமாகிறது. இந்தத் துண்டு நிலத்துக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர். லாஸ் ஏஞ்சல்ஸில் 'பார்க்வே' என்பார்கள். கானடாவில் டொராண்டோ நகரத்தார் அதைப் 'பூல்வார்' என்று கௌரவமாக அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியர்களுக்கு அது 'இயற்கைப் பட்டை'. ஒஹையோ ராஜ்யத்தில் ஆக்ரன் என்ற ஊரார் மட்டும் அதற்குப் 'பிசாசுப் பட்டை' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இந்த நிலத்தால் வந்த வழக்குகளைப் பார்க்கும்போது, ஆக்ரன்காரர்களே விஷயத்தை நன்றாக அறிந்தவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வகுப்பில் வேற்றுமை உருபுகளைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த உதாரணம் அகப்படாது. நிலம் நகரசபையினுடையது: ஆறாம் வேற்றுமை. அதைப் பேணும் வேலை வீட்டுக்காரருக்கு: நான்காம் வேற்றுமை. உடைமை ஒரு பக்கமும் கடமை ஒரு பக்கமுமாக இவ்வாறு பிரிந்து நின்றால், என்றைக்காவது ஒரு நாள் சண்டை வந்தே தீரும். லாஸ் ஏஞ்சல்ஸில் அது 2010-ஆம் வருஷம் வந்தது. அந்தச் சண்டைக்குக் காரணம் கேல் என்னும் கீரை.

சண்டையைச் சொல்லுமுன் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் என்றவுடன் சினிமா நட்சத்திரங்களே நம் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் 1909 முதல் 1949 வரையில், அமெரிக்கா முழுவதிலும் விவசாய விளைவில் முதலிடம் பெற்றிருந்த ஜில்லா லாஸ் ஏஞ்சல்ஸ்தான். ஆரஞ்சுத் தோப்புகளும் காய்கறி வயல்களும் நிறைந்திருந்த பூமி அது. மழை குறைந்த இடமாதலால் 1913-இல் 233 மைல் நீளக் கால்வாய் வெட்டி, மலைகளுக்கு அப்பாலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். பிறகு நகரம் வளர்ந்தது. தோப்புகள் வீட்டு மனைகளாயின. அத்தனை மைல் கடந்து வந்த நீரில் கணிசமான பாகம், எவரும் உண்ணாத, எந்த மாடும் மேயாத புல்தரைக்கு வார்க்கப்பட்டது. வீட்டு முன் பச்சைப்புல் இருப்பது கௌரவத்தின் அடையாளம் என்று ஆகிவிட்டது. தெருவோரப் பட்டையிலும் புல்தான்.

நகரத்தின் தென்பகுதியைத் 'தென் மத்தியப் பகுதி' என்று அழைத்து வந்தார்கள். அந்தப் பெயருக்குக் கெட்ட பேர் வந்துவிட்டதென்று 2003-இல் நகரசபையார் 'தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸ்' என்று மாற்றினார்கள். கறுப்பின மக்கள் அங்கே திரண்டு வாழ நேர்ந்ததற்குக் காரணம் அவர்களுடைய விருப்பம் அன்று. வேறு பேட்டைகளில் வீட்டுப் பத்திரங்களிலேயே, 'வெள்ளையர் அல்லாதாருக்கு விற்கலாகாது' என்று நிபந்தனை எழுதி வைத்திருந்தார்கள். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல் நடத்தக்கூடாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது 1948-இல்தான். தீர்ப்பு வந்துவிட்டது; ஆனால் ஊர் மாறவில்லை. 1992-இல் அங்கே பெருங்கலகம் மூண்டு, கடைகள் எரிந்தன. நல்ல காய்கறி விற்கும் பெரிய கடைகள் அந்தப் பக்கம் வரத் தயங்கின. வறுத்த கோழியும் உருளைக்கிழங்கும் காரிலிருந்து இறங்காமலே வாங்கித் தின்னும்படியான கடைகள் மட்டும் தெருவுக்குத் தெரு முளைத்தன.

ஜனங்களின் உடம்பு பருத்து நீரிழிவு பெருகுவதைக் கண்டு நகரசபையார் கவலை கொண்டார்கள் என்பதை மறைக்கக்கூடாது. 2008-இல், சுமார் 32 சதுர மைல் பரப்புள்ள தென்பகுதியில் இத்தகைய புதிய துரித உணவுக் கடைகள் கட்டலாகாது என்று தடை விதித்தார்கள். பட்டணம் முழுவதும் அதைப் பற்றிப் பேசிற்று. (அதனால் ஜனங்களின் பருமன் குறையவில்லை என்று 2015-இல் ராண்ட் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் வெளியிட்டது வேறு விஷயம்.) தடையுத்தரவு ஒரு கடையை வராமல் தடுக்கலாம், ஒரு கத்தரிக்காயை முளைக்க வைக்குமா?

முளைக்க வைத்த இடமும் ஒன்று முன்பு இருந்தது. ஒரு குப்பை எரியாலைக்காக நகரசபை வாங்கி, ஜனங்களின் எதிர்ப்பால் ஆலை வராமலே கிடந்த 14 ஏக்கர் நிலத்தில், சுமார் 350 ஏழைக் குடும்பங்கள் பாத்தி கட்டிப் பல வருஷம் பயிரிட்டு வந்தன. நகரசபை அந்த நிலத்தைப் பழைய சொந்தக்காரருக்கே திரும்ப விற்றுவிட்டது. 2006 ஜூன் மாதம் போலீஸார் வந்து தோட்டக்காரர்களை அப்புறப்படுத்தினார்கள். பிறகு இயந்திரம் வந்து பயிரை மண்ணோடு மண்ணாக்கிற்று.

இந்த ஊரில் இந்தச் சமயத்தில்தான் ரான் பின்லி என்பவர் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். தொழிலோ ஆடைகளை வடிவமைப்பது. அவர் குடியிருந்த வீட்டின் எதிரே, 150 அடி நீளமும் 10 அடி அகலமுமான தெருவோரப் பட்டை ஒன்று கிடந்தது. அதன் அழகை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. காய்ந்த புல், காகிதம், காலிப் புட்டி. கிருமிநாசினி மருந்து தெளிக்காத ஒரு ஆப்பிள் பழம் வாங்கிவர, காரில் போகவும் திரும்பவுமாக முக்கால் மணி நேரம் ஆகிறதே என்று அவருக்குச் சலிப்பு. தம் பேட்டையில் சக்கர நாற்காலி விற்கும் கடையும், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தி செய்யும் நிலையமும் பெருகி வருவதைப் பார்த்து மனக்கசப்பு வேறு. 2010-இல் சில நண்பர்களோடு சேர்ந்து, இலவசமாகத் தோட்டம் போட்டுக் கொடுக்கும் தொண்டர் குழு ஒன்றை அமைத்தார். முதல் தோட்டத்தைத் தம் வாசலிலேயே, அந்தத் தெருவோரப் பட்டையிலேயே போட்டார்கள். பூசணி, மிளகாய், மக்காச்சோளம், சூரியகாந்தி, கேல் கீரை என்று பலவும் தழைத்தன.

பக்கத்துத் தெரு ஜனங்கள் வந்து பறித்துப் போனார்கள். 'திருடிப் போய்விடுவார்களே!' என்று கேட்டவர்களுக்கு, அதற்காகத்தானே தெருவில் வைத்திருக்கிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னாராம். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு ஒரு தாயும் மகளும் தயங்கித் தயங்கி அங்கே நின்றதையும், அவர்கள் முகத்தில் இருந்த கூச்சத்தைக் கண்டு தமக்கே வெட்கமாகிவிட்டதையும் பின்னாளில் ஒரு சபையில் அவர் சொல்லியிருக்கிறார். பசித்தவர்கள் இருட்டில் வந்து பறிக்க வேண்டியிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

யாரோ ஒருவர் நகரசபைக்குப் புகார் எழுதினார். எழுதியவர் யார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. எந்த ஊரிலும் அவர் ஒருவர் இருப்பார்.

அதிகாரிகள் வந்து பார்த்து நோட்டீஸ் கொடுத்தார்கள். செடிகளைப் பிடுங்க வேண்டும். அல்லது 400 டாலர் செலுத்தி அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். பின்லி இரண்டையும் செய்ய மறுத்தார். நோட்டீஸ் முற்றி வாரண்டு ஆயிற்று. கீரை பயிரிட்டதற்காக ஒருவரைக் கைது செய்ய உத்தரவு! இதற்குச் சிறிது காலம் முன்பு, 2009-இல்தான், அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி மிஷேல் ஒபாமா அம்மையார் பள்ளிக் குழந்தைகளை அழைத்து வைத்துக்கொண்டு வெள்ளை மாளிகைப் புல்தரையைக் கொத்திக் காய்கறி போட்டார். பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டு வாழ்த்தின. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்ற நம் பழமொழி அமெரிக்காவுக்கும் பொருந்தும் போலும்.

வெள்ளை மாளிகையில் அது புதிய காரியமும் அல்ல. 1943-இல் எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் அதே மாளிகையின் தரையில் 'வெற்றித் தோட்டம்' போட்டார். அந்த யுத்த காலத்தில் அமெரிக்கர்கள் வீட்டு முற்றத்திலும் பொது நிலத்திலும் சுமார் 2 கோடி தோட்டங்கள் போட்டதாகக் கணக்கு. நம் நாட்டிலும் அதே 1943-இல்தான் உணவு உற்பத்தியைப் பெருக்கும்படி சர்க்கார் இயக்கம் நடத்தினார்கள். அப்போது காலி மண்ணில் காய்கறி வைப்பது தேசபக்தி. யுத்தம் முடிந்தது, தேசபக்தி திரும்பவும் புல்லாக முளைத்துவிட்டது.

இங்கே நகரசபையின் கட்சியையும் கேட்கவேண்டும். ஒரு பக்கத்து வாதத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயம் ஆகாது. தெருவோரப் பட்டை அழகுக்காக மட்டும் விடப்பட்டதன்று. அதன் கீழே தண்ணீர்க் குழாயும் பிற குழாய்களும் ஓடும். காரை நிறுத்திக் கதவைத் திறந்து இறங்குகிறவர் கால் வைக்க இடம் வேண்டும். முச்சந்தியில் ஆள் உயரச் சோளம் நின்றால், குறுக்கே ஓடிவரும் குழந்தையை வண்டி ஓட்டுகிறவர் எப்படிக் காண்பார்? நடைபாதையில் கொடி படர்ந்தால் கண் தெரியாதவர் தடுக்கி விழுவார். இன்னொன்று, நகரசபையார் சொல்லாதது, ஆனால் சொல்லியிருக்க வேண்டியது: பெட்ரோலில் ஈயம் கலந்து எரித்த காலம் ஒன்று உண்டு. சாலை வாகனங்களுக்கு அமெரிக்காவில் அது அடியோடு தடுக்கப்பட்டது 1996-இல். அந்த ஈயம் பழைய தெருக்களின் ஓரத்து மண்ணில் இன்னும் தங்கியிருக்கிறது. அத்தகைய மண்ணில் கீரை போடுகிறவர்கள் முதலில் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும்; அல்லது பலகையால் பெட்டி கட்டி, வெளியிலிருந்து நல்ல மண் கொட்டிப் பயிரிட வேண்டும்.

இவை எல்லாம் தக்க காரணங்களே. ஆனால் அக்காலத்து விதி இவற்றையா சொல்லிற்று? புல்லும், குறிப்பிட்ட சில தரைச் செடிகளும் ஆனால் அனுமதி வேண்டாம். மற்றவைக்கு அனுமதி வேண்டும் என்றது. ஆறு அங்குல உயரமுள்ள முளைக்கீரை எந்த ஓட்டுநரின் கண்ணை மறைக்கும்? உயரத்துக்காக ஏற்பட்ட விதியானால் உயரத்தை அளந்திருக்க வேண்டும். அது செடியின் ஜாதியைப் பார்த்தது. தின்னத் தகுந்த செடி சந்தேகத்துக்கு உரியது, தின்ன முடியாத செடி யோக்கியமானது என்று அதற்குப் பொருள் ஆகிவிட்டது. அதிலும், நகரம் முழுவதும் ஆயிரக்கணக்கான பட்டைகள் புதர் மண்டியும் குப்பை சேர்ந்தும் கிடக்க, யாராவது புகார் எழுதினால்தான் அதிகாரி வருவார் என்ற முறை இருக்கிறதே, அதில் சட்டத்தின் கோலை அயலான் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

சொந்தம் ஒருவருக்கு, சுமை ஒருவருக்கு என்ற இந்தச் சிக்கல் கீரையோடு நின்றதும் அன்று. நடைபாதை பழுதானால் அதை ஒட்டிய மனைக்காரரே செப்பனிட வேண்டும் என்பது கலிபோர்னியாவில் 1911-ஆம் வருஷத்திலிருந்து வந்த சட்டம். அதே பட்டையில் நிழலுக்காக வைத்த ஆலமர ஜாதி மரங்கள் பருத்து வேரோடி, நடைபாதைக் கான்கிரீட்டை முதலை முதுகுபோல் தூக்கிவிட்டன. யார் பழுது பார்ப்பது? வீட்டுக்காரர் நகரசபையைக் காட்டினார். நகரசபை பணமில்லை என்று கையை விரித்தது. சக்கர நாற்காலியில் செல்லும் அங்கவீனர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அதன் பலனாக, 30 வருஷத்தில் சுமார் 140 கோடி டாலர் செலவிட்டு நடைபாதைகளைச் சீர்படுத்துவதாக நகரசபை 2016-இல் ராஜிக்கு உட்பட்டது. தெருவோரத்து ஒரு சாண் நிலம் எவ்வளவு பெரிய செலவுக்கணக்கைத் திறந்துவிட்டது பாருங்கள்!

பின்லியின் விஷயம் கோர்ட்டுக்கு வெளியிலேயே தீர்ந்தது. 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' பத்திரிகையின் பிரபல கட்டுரையாளர் ஸ்டீவ் லோபஸ் இதைப் பற்றி எழுதினார். சுமார் 900 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று புறப்பட்டது. நகரசபை அங்கத்தினர் ஹெர்ப் வெஸ்ஸன் தாமே முன்வந்து ஆதரவு தெரிவித்தார். ஆயிரம் கையெழுத்துக்கூட இல்லாத ஒரு மனுவுக்கு 38 லட்சம் ஜனத்தொகையுள்ள நகரம் செவி சாய்த்தது என்பதை நம் நகரசபை அங்கத்தினர்கள் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பாத்தி பிழைத்தது.

ஒரு பாத்திக்குக் கிடைத்த தயவு வேறு. எல்லாருக்கும் உரிய விதி வேறு. தயவு காட்டிய அங்கத்தினர் அடுத்த தேர்தலில் போய்விட்டால் தயவும் போய்விடும். ஆகையால் பின்லியும் நண்பர்களும் விடவில்லை. 2013 பிப்ரவரியில், டெட் என்ற பிரசித்தமான பிரசங்க சபையில் அவர் பேசினார். பத்து நிமிஷம்தான். அந்தப் பேச்சை உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். அவ்வருஷம் ஆகஸ்டில், தெருவோரக் காய்கறிகளுக்காக எவரையும் தண்டிப்பதை நிறுத்தி வைக்கும்படி நகரசபை தீர்மானித்தது. 2015-இல் விதியே திருத்தப்பட்டது. காய்கறி போட 400 டாலர் சீட்டு வேண்டாம்; வழியையும் பார்வையையும் மறைக்காமல் பயிரிட்டுக்கொள்ளலாம். முதலிலேயே இப்படி எழுதியிருந்தால் வாரண்டுக் காகிதம் மிச்சம். அந்த 2015 ஏப்ரலில் கலிபோர்னியா கவர்னர் ஜெர்ரி பிரௌன், நான்கு வருஷ வறட்சியின் காரணமாக, நகரங்களில் தண்ணீர்ச் செலவைக் கால் பங்கு குறைக்கவும், 5 கோடி சதுர அடிப் புல்தரையைப் பெயர்க்கவும் உத்தரவிட்டார். புல்லைப் பேணாதவர் குற்றவாளி என்றிருந்த நாடு, புல்லைப் பேணுகிறவரைக் குற்றவாளி போலப் பார்க்க ஆரம்பித்தது.

டொராண்டோவில் கதை வேறு விதம். அங்கே ஒரு மாது தம் வீட்டு முன்பு புல்லை வெட்டாமல் காட்டுச் செடிகளை இயற்கையாக வளர விட்டார். அளவு மீறிக் களை வளர்த்ததாக 50 டாலர் அபராதம். அவர் மேல் முறையீடு செய்தார். 1996-இல் நீதிபதி சொன்ன தீர்ப்பு விசித்திரமானது: தோட்டம் என்பது ஒருவர் தம் கொள்கையை வெளியிடும் முறை, ஆகவே அது கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும், மேலும் 'அளவு மீறி' என்றால் எந்த அளவு என்று சட்டம் சொல்லவில்லை. அதே ஊரில் மற்றொருவர், நகரசபைக்குச் சொந்தமான தெருவோரப் பட்டையிலேயே இயற்கைத் தோட்டம் வைத்து வழக்காடினார். பொது ஜனங்களின் பாதுகாப்புக்குப் பங்கம் வராத வரையில் அந்தச் சுதந்திரம் பட்டைக்கும் உண்டு என்று 2002-இல் தீர்ப்பாயிற்று. பேச்சுச் சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவர்கள் நம் நாட்டில் அநேகர் உண்டு. செடியும் பேச்சுத்தான் என்று வாதாடலாம் என்பது அவர்களுக்கும் தோன்றியிராது!

புளோரிடா ராஜ்யத்தில் மயாமி ஷோர்ஸ் என்ற சிற்றூர்த் தம்பதிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தங்கள் சொந்த மனையிலேயே, முன்வாசலில் 17 வருஷம் காய்கறி பயிரிட்டவர்கள். 2013-இல் ஊர்ச்சபை முன்வாசலில் காய்கறி கூடாதென்று விதி செய்து, நாளொன்றுக்கு 50 டாலர் அபராதம் என்று மிரட்டிற்று. செடிகளைப் பிடுங்கிவிட்டு வழக்குத் தொடுத்தார்கள். கீழ்க்கோர்ட்டிலும் தோல்வி, மேல்கோர்ட்டிலும் தோல்வி. பிறகு ராஜ்யச் சட்டசபையே தலையிட்டு, எந்த ஊர்ச்சபையும் வீட்டுக் காய்கறித் தோட்டத்தைத் தடுக்கலாகாது என்று சட்டம் செய்தது. 2019 ஜூலை 1-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. அன்றே அவர்கள் மீண்டும் நட்டார்கள். இடையில் ஆறு வருஷம்.

பின்லிக்கு இன்னொரு சோதனையும் பாக்கி இருந்தது. தெருப் பக்கத்து வழக்கு தீர்ந்த மறு வருஷம், 2016-இல், அவர் குடியிருந்த வீடே கடனுக்காக ஏலத்தில் போயிற்று. தண்ணீரில்லாத பழைய நீச்சல் குளத்தைக்கூட அவர் தோட்டமாக்கி வைத்திருந்த இடம் அது. ஏலத்தில் எடுத்த கம்பெனி அவரைக் காலி செய்யச் சொல்லிற்று. நண்பர்கள் 5 லட்சம் டாலர் திரட்டப் புறப்பட்டார்கள். உணவுப் பொருள் வியாபாரிகளும், பெட் மிட்லர் என்ற பிரபல நடிகையும், முகம் தெரியாத பல சிறு தொகைக்காரர்களும் கொடுத்தார்கள். 2017-இல் வீடும் தோட்டமும் அவர் வசம் வந்தன. தெருவோரப் பட்டை மாத்திரம் முன்போலவே நகரசபைக்குச் சொந்தம். தண்ணீர் ஊற்றுவது அவர் பொறுப்பு.